கவிழ்த்துக் கோத்த விமானம்

என் அக்கா வீட்டுக்குள்ளேயே விமானம் கட்டினாள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன். பேருந்தில் நடத்துநர் வேலை பார்க்கிறவள் நான். ஏறின பிறகு சில்லறை தேடுகிறவர்களுக்காகக் காத்திருந்தே பாதி ஆயுசு போய்விட்டது. முடிந்ததா? சரி. பொம்மை விமானம் இல்லை. ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து, பெட்ரோல் ஊற்றி, தரையை விட்டுக் கிளம்பிப் போகிற விமானம்.

அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்துக்கும் வேனுக்கும் சீட் தைக்கிற பட்டறையில் சின்ன வயதிலிருந்து வேலை. இப்போது பட்டறையே அவளுடையது. ஊசி பிடிக்கிறவள் என்பதால் அந்தப் பெயர் என்று அவள் சொல்வாள். ஒரு தடவை அவளோடு பேசிப் பார்த்தவர்களுக்கு வேறு காரணம் தெரியும். “இந்த ரெக்சின் கொஞ்சம் மட்டமா இருக்கே” என்று இழுத்த ஒரு வேன்காரரிடம், “உங்க வேனைப் பாத்துட்டுத்தான் எடுத்தேன்” என்று பல்லில் நூலைக் கடித்தபடியே சொன்னவள்.

அவளுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சீட்தான் சம்பந்தம். ஊருக்கு வெளியே ஒரு ஃபிளையிங் கிளப் இருக்கிறது. அங்கே பயிற்சி விமானத்தின் சீட் கிழிந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது என்று அக்காவைக் கூப்பிட்டார்கள். போனாள், தைத்தாள், உட்கார்ந்து பார்த்தாள். இறங்க வேண்டியதுதானே? இறங்கவில்லை. அங்கே பயிற்சி கொடுக்கிற கேப்டனைப் பார்த்து, “நின்ன இடத்துல குஷன் சரியாத்தான் இருக்கு. போகும்போது எப்படி அமுங்குதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?” என்று கேட்டாள். மனிதர் சிரித்துவிட்டார். சிரித்தவர் அதோடு விட்டிருக்கலாம். ஒரு சுற்று கூட்டிக்கொண்டும் போனார். கீழே வந்தவள் சொன்னது இதுதான்: “எனக்குக் கூலி வேணாம். ஓட்டக் கத்துக் குடுங்க.”

அதற்குப் பிறகு கிளப்பில் உட்காருகிற பொருள் ஒவ்வொன்றும் அவள் கையால் புதுசானது. விமான சீட், அலுவலக நாற்காலி, கடைசியில் கேப்டன் வீட்டு சோபா வரைக்கும். பதிலுக்கு அவள் ஓட்டக் கற்று, தேர்வு எழுதி, உரிமமும் வாங்கிவிட்டாள். ஆனால் கிளப் விமானம் எப்போது போனாலும் யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். வரிசையில் நின்று நின்று அலுத்துப்போய் ஒருநாள் வீட்டுக்கு ஒரு கட்டு வரைபடத்தோடு வந்தாள். மரத்தில் சட்டம், சட்டத்தின் மேல் துணி, மூக்கில் ஒரு சின்ன இன்ஜின். “மரம் கத்துக்கலாம். துணி எனக்குத் தெரியும்” என்றாள்.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஹாலில் இறக்கை நீட்டிப் படுத்திருந்தது. படுக்கையறையில் வால். சாப்பாட்டு மேசையில் பசை காய்ந்துகொண்டிருந்தது. குளிக்கப் போக வேண்டுமென்றால் இறக்கையின் விலாச் சட்டங்களைத் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டும். மாமா பல நாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றே சாப்பிட்டார். “நான் உக்கார ஒரு எடம் காட்டும்மா” என்று கேட்டதற்கு, “காக்பிட்ல உக்காருங்க, சீட் போட்டாச்சு” என்று பதில் வந்தது. உட்கார்ந்தார். அன்றைக்கு அதற்குள் இருந்துதான் டீ குடித்தார்.

இதையெல்லாம் பொறுக்க முடியாதவர் எங்கள் அண்ணன். அவர் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். மனிதனைப் பார்த்ததும் இவன் எப்படியெல்லாம் சாகலாம் என்று யோசிப்பதுதான் தொழில். இருக்கிற பாலிசிகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் செய்த விமானத்தில் போகிறவர்களுக்கு எதிலுமே இடமில்லை என்று கண்டுபிடித்து வந்தார். வந்து, ஹாலில் காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அனுமதி குடுக்கற இன்ஸ்பெக்டர் வந்து பாப்பாரில்ல? அவர் ஆகாதுன்னு சொல்லிட்டா?”

“ஆகாதுன்னு ஏன் சொல்றாரு?”

“சொல்லிட்டா?”

அக்காவுக்குக் கோபம் வந்தால் கழுத்து சிவக்கும். சிவந்தது. “சொல்லிட்டா விட்டுடறேன். போதுமா? எடுத்துட்டுப் போய் என்ன வேணா பண்ணு” என்றாள்.

அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மறு வாரமே ஒரு ஆளையும் தயார் செய்துவிட்டார். கட்டில், பீரோ விற்கிற பெரிய கடைக்காரர். புதுக் கடையின் கூரையில் விமானத்தைத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு பொம்மையை உட்காரவைத்து, சுற்றிலும் கலர் விளக்குப் போடப்போகிறாராம். கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் அக்கா ராப்பகல் பாராமல் இழைத்துத் தைத்தது கட்டில் வாங்க வருகிறவன் அண்ணாந்து பார்ப்பதற்கா?

பாகங்களையெல்லாம் ஒரு லாரியில் ஏற்றி கிளப் ஷெட்டுக்குக் கொண்டுபோய் அங்கே ஒன்றாகப் பூட்டினோம். இனி நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இறக்கை ஒவ்வொன்றின் பின்னோரத்திலும் கீல் வைத்த ஒரு பலகை உண்டு. அக்கா அதை மடல் என்பாள். ஓட்டுகிறவர் கையில் ஒரு ஸ்டிக் இருக்கும். ஸ்டிக்கை இடது பக்கம் சாய்த்தால் இடது மடல் மேலே ஏற வேண்டும், வலது மடல் கீழே இறங்க வேண்டும். விமானம் இடது பக்கம் சாயும். ஸ்டிக்குக்கும் மடலுக்கும் நடுவே விமானத்தின் வயிற்றுக்குள் கேபிள் ஓடுகிறது.

பேருந்து சீட்டுக்கு அடிப்பக்கம் வேலை செய்ய வேண்டுமானால் அக்கா என்ன செய்வாள்? சீட்டைக் கவிழ்த்துப் போடுவாள். காலமெல்லாம் அப்படிப் பழகின கை. வயிற்றில் கேபிள் கோக்க வேண்டும் என்றதும் எங்களையெல்லாம் கூப்பிட்டு, பூட்டின இறக்கையோடு விமானத்தைத் தாங்கிகளின் மேல் கவிழ்த்துவிட்டாள். இடது வலது குழம்பிவிடும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இடது இறக்கையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள். பிறகு கேபிள்களைக் கோத்துவிட்டு, தரையில் மல்லாந்து படுத்து, தொங்கிக்கொண்டிருந்த ஸ்டிக்கைக் கை நீட்டிப் பிடித்தாள்.

“என்னங்க, சிவப்புப் பக்கம் சாய்க்கிறேன். சிவப்பு மடல் எங்க போகுது?”

மாமா மடலைப் பார்த்தார். அது ஷெட்டின் கூரையைப் பார்த்து எழும்பியது.

“மேல போகுது!”

“நல்லாப் பாத்தீங்களா?”

“கண்ணு முன்னாடி போகுதும்மா. மேலதான்!”

அக்கா தரையில் படுத்தபடியே கைதட்டினாள். மாமாவும் தட்டினார். வயிற்றைத் துணியால் மூடித் தைத்து, அதன் மேல் பூச்சு அடித்து, காய்ந்த பிறகு விமானத்தை நிமிர்த்தினோம். அப்புறம் ஸ்டிக்கை எத்தனையோ தடவை ஆட்டிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி ஆடியது. எங்கேயும் உரசவில்லை, சிக்கவில்லை. சிக்குகிறதா என்றுதான் பார்த்தாள். மேல் கீழ் விஷயம் முடிந்த விஷயம் என்று நினைத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்கு அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். கட்டில் கடைக்காரரும் கூடவே. இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாத மனிதர். மரத்தைத் தட்டிப் பார்த்தார், தையலை விரலால் தடவிப் பார்த்தார். “தையல் நல்லா இருக்கு” என்று அவர் சொன்னபோது நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன். பிறகு அக்காவை உள்ளே உட்காரச் சொன்னார்.

“ஸ்டிக்கை இடது பக்கம் சாய்ங்க.”

சாய்த்தாள்.

இன்ஸ்பெக்டர் இடது இறக்கையைப் பார்த்தார், வலது இறக்கையைப் பார்த்தார், மறுபடியும் இடது இறக்கையைப் பார்த்தார். “இன்னொரு தடவை” என்றார். மறுபடியும் சாய்த்தாள். இடது மடல் தரையைப் பார்த்து இறங்கியது.

“அம்மா, இது தலைகீழா வேலை செய்யுது. நீங்க ஒரு பக்கம் சாய்ச்சா ப்ளேன் இன்னொரு பக்கம் சாயும். நிமித்தணும்னு நீங்க இழுக்க இழுக்க அது இன்னும் கவிழும். தரையை விட்டுக் கிளம்பின உடனே எல்லாம் முடிஞ்சு போயிருக்கும்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. அக்கா முகத்தில் ஈயாடவில்லை. ஸ்டிக்கைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மாமாதான் முதலில் வாய் திறந்தார். “நான் மேலன்னு சொன்னேனே” என்றார். இன்னொரு தடவை, “மேலதானே போச்சு” என்றார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. கவிழ்ந்து கிடந்த விமானத்துக்குக் கூரைப்பக்கம் கீழ்ப்பக்கம். மனிதர் ஷெட் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் இப்போதைக்கு அனுமதி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சரி செய்துவிட்டுக் கூப்பிடச் சொல்லிப் போனார். கட்டில் கடைக்காரருக்கு நேரம் காலம் தெரிய வேண்டாமா? பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து இறக்கையை அளக்க ஆரம்பித்தார்.

“டேப்பை உள்ள வைங்க” என்றேன். பேருந்தில் கடைசி சீட் வரைக்கும் கேட்கிற குரல். வைத்துவிட்டார்.

அண்ணன் விடவில்லை. அக்காவின் பக்கத்தில் போய் நின்றார். “வாக்கு குடுத்திருக்க.”

அக்கா விமானத்தை விட்டு இறங்கினாள். “குடுத்தேன்.”

“அப்புறம்?”

“இப்போ திருப்பி எடுத்துக்கறேன்.”

“இது என்ன பேச்சு? கொஞ்சம் விட்டா செத்துப் போயிருப்ப! கேட்டியா அவர் சொன்னதை?”

“கேட்டேன். என் காதுலதான் சொன்னாரு. தப்பு பண்ணினேன், அவரு கண்டுபிடிச்சாரு, அதுக்குத்தான் அவரு வந்தாரு. தப்பு பண்ணினா சரி பண்ணணும்ணே. கூரையில கட்டித் தொங்க விடக்கூடாது. கூட்டிட்டு வந்த ஆளைக் கூட்டிட்டுக் கிளம்பு.”

கொடுத்த வாக்கை மீறுவது நல்லதா என்று என்னைக் கேட்டால், நான் பதில் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். அண்ணன் இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேப்டன் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார். ஸ்டிக்குக்கு அடியில் சின்னக் கதவு ஒன்று இருக்கிறது. அது வழியாகக் கை விட்டு இரண்டு கேபிளையும் இடம் மாற்றினால் தீர்ந்தது, சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். அக்கா கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த கத்தரியை எடுத்தாள்.

“என்ன பண்றீங்க?” என்று கேப்டன் பதறினார்.

“கவுத்துப் போட்டு இந்த ஒரு வேலைதான் செஞ்சேனா? கவுத்துப் போட்டு என்னென்ன செஞ்சேனோ எல்லாத்தையும் பாக்கணும்.”

சொன்னவள் வயிற்றுத் துணியை மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரே கிழியாகக் கிழித்தாள். அவளே தைத்தது, அவளே பூச்சடித்துத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியது. அவள் கை நடுங்கவில்லை. தையல் கோணினால் பிரித்துவிட்டு முதலிலிருந்து தைப்பாளே தவிர மேலே ஒட்டுப் போடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பிரித்தது நல்லதாகப் போயிற்று. உள்ளே கேபிள் ஓடுகிற சின்னச் சக்கரங்களைப் பிடித்து நிறுத்துகிற போல்ட்டுகள் இருந்தன. போல்ட்டின் தலை மேலேயும் நட்டு கீழேயும் இருக்க வேண்டும் என்பது விதி. ஒருவேளை நட்டு கழன்றாலும் போல்ட் தன் எடையில் குழிக்குள்ளேயே நிற்கும். அக்கா விதிப்படிதான் போட்டிருந்தாள். கவிழ்ந்த விமானத்தில் மேலே. இப்போது அத்தனை தலையும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நட்டு கழன்றால் போல்ட் நேராகக் கீழே விழ வேண்டியதுதான். கேப்டன் குனிந்து பார்த்தார். சாயங்காலத்துக்குள் முடியும் என்று அதற்கப்புறம் அவர் சொல்லவில்லை.

அன்றோடு அந்த ஷெட்டில் ‘மேல’, ‘கீழ’ என்ற இரண்டு வார்த்தைக்கும் தடை. மாமாதான் போட்டார். “ஓட்டறவ தலைப்பக்கம்னு சொல்லு, இல்ல சக்கரப்பக்கம்னு சொல்லு. ப்ளேன் எப்படிக் கெடந்தாலும் தலை தலைதான், சக்கரம் சக்கரம்தான்” என்றார். தபால் வேலை முடிந்ததும் நேராக ஷெட்டுக்கு வந்துவிடுவார். ஒவ்வொரு போல்ட்டையும் அக்கா முடுக்க, அவர் தொட்டுப் பார்த்து, “தலை தலைப்பக்கம்” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்தது. அந்த மனிதர் அவ்வளவு உரக்கப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. நானும் விடுமுறை நாட்களில் போவேன். ஒரு தடவை தெரியாமல், “அந்த ஸ்பானர் மேல இருக்கு பாருங்க” என்று சொல்லி மாமாவிடம் திட்டு வாங்கினேன். திட்டினார், நம்புங்கள்!

உள்ளே பார்க்க அங்கங்கே சின்னக் கதவுகள் வைத்து, புதுத் துணி தைத்து முடித்தார்கள். இன்ஸ்பெக்டர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை முதல் காரியமாக ஸ்டிக்கைத்தான் ஆட்டச் சொன்னார். இடது மடல் ஏறியது. பார்த்தார். வயிற்றுக்கு அடியில் விளக்கோடு படுத்துப் புதிதாக வைத்திருந்த கதவுகளைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “முதல் தடவை யார் எடுக்கப் போறாங்க?” என்றார்.

கேப்டன் முன்னால் வந்தார். தான் எடுப்பதாகச் சொன்னார். அவர் எத்தனையோ விமானம் பார்த்தவர், சொன்னதில் தப்பில்லை. மாமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். எனக்குமே அப்பாடா என்று இருந்தது, பொய் சொல்வானேன்?

அக்கா கேப்டனைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள். “நீங்க குடுத்த படிப்பு இது, மறக்க மாட்டேன். ஆனா நான் கோத்ததுல தப்பு மிச்சம் இருந்தா, அதுக்கு நான்தான் உள்ள உக்காந்திருக்கணும். உங்க வீட்டம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது.”

“உங்க வீட்டுக்காரருக்கு நான் பதில் சொல்லணுமே?”

“அவருகிட்டயே கேளுங்க.”

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். “அவதான் கட்டினா. அவதான் ஓட்டுவா” என்றார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

காற்று இல்லாத ஒரு காலையில் விமானத்தை ஓடுதளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். இந்தப் பக்கமே வரமாட்டேன் என்ற அண்ணன் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். நான் போய் வம்புக்கு இழுக்கவில்லை; அவர் முகம் அப்படி இருந்தது. பெற்றவர்கள் போன பிறகு எங்களை வளர்த்தவர் அவர். பயம் அவருக்குத் திட்டாகத்தான் வெளியே வரும்.

மாமாவின் கையில் ஒரு சின்ன ரேடியோ. அக்கா இன்ஜினைக் கிளப்பினாள். ஸ்டிக்கை இடது பக்கம் சாய்த்து மடலைப் பார்த்தாள், வலது பக்கம் சாய்த்துப் பார்த்தாள், மறுபடியும் ஒரு தடவை சாய்த்துப் பார்த்தாள். பிறகு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டாள். வால் தூக்கியது. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. என் கை மாமாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

போய்விட்டாள். மரத்துக்கு மேலே போய்விட்டாள்! ஓடுதளத்தின் கோடியில் இடது பக்கம் திரும்ப வேண்டும். இடது இறக்கை மெதுவாகச் சாய்ந்தது. சாய்ந்த விமானம் நிமிர்ந்தது. “இடது! இடதுதான்!” என்று நான் கத்தின கத்தலில் கிளப் காவலாளி ஓடிவந்தார்.

ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்குவது என்றுதான் பேச்சு. சுற்று முடிந்தது. விமானம் எங்கள் தலைக்கு மேலேயே நேராகப் போனது. வேலியோரம் நின்ற அண்ணன் ஓடிவந்தார். சட்டையெல்லாம் வேர்வை. “மாப்பிள்ளை, இறங்கச் சொல்லுங்க! போதும், பாத்தாச்சு, இறங்கச் சொல்லுங்க அவளை!”

மாமா ரேடியோவை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“உங்க அண்ணன் இறங்கச் சொல்றாரு.”

கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. மாமா அண்ணாந்து பார்த்துக்கொண்டே மறுபடியும் பொத்தானை அழுத்தினார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குரலில் அது தெரியவில்லை.

“நீ ஒண்ணும் அவசரப்படாத. பெட்ரோல் இருக்குல்ல? நல்லா சுத்திட்டு வா.”

அண்ணன் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவரும் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் இறங்கும்போது சக்கரம் இரண்டு தடவை துள்ளியது. அழகான இறக்கம் என்று சொல்ல மாட்டேன். நின்றது, இன்ஜின் அடங்கியது. நான்தான் முதலில் ஓடினேன். அக்கா உள்ளேயே உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. கத்தரி பிடித்தபோது ஆடாத கை இப்போது பெல்ட்டைக் கழற்ற முடியாமல் தவித்தது. நான் கழற்றிவிட்டேன்.

“என்னக்கா, எப்படி இருந்துச்சு?”

“பயமா இருந்துச்சுடி” என்றாள். “போனதுலேர்ந்து வர்ற வரைக்கும் பயம். உசிரே கையில இல்ல.”

என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அண்ணன் புல்லிலிருந்து எழுந்து தட்டுத்தடுமாறி வந்துகொண்டிருந்தார், மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். அக்கா அவர்களைப் பார்த்தாள். கழுத்து சிவந்திருந்தது.

“நாளைக்கும் போவேன்” என்றாள்.